தைலமும் சாக்லேட்டும் ஒரே அறையில்

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் அந்த அம்மாவை எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சட்டை தைக்கும் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே செக்கிங் வேலை பார்த்தவர். தைத்து முடித்த சட்டை கைக்கு வந்ததும் காலரைத் தடவிப் பார்க்க வேண்டும், பொத்தானை இழுத்துப் பார்க்க வேண்டும், ஓரத்தில் தொங்கும் நூலை வெட்ட வேண்டும். தேறினால் வலப்பக்கம், தேறாவிட்டால் இடப்பக்கம். இந்தப் பழக்கம் கம்பெனி வாசலோடு நின்றுவிடவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால், "கொஞ்சம் நில்லுங்க சார்" என்று என் தோளில் தொங்கும் நூலைப் பிய்த்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவார். ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. பிறகு அவரைக் கண்டதும் நானே நின்று தோளைக் காட்டப் பழகிவிட்டேன்.

நான் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறேன். தெருமுனை மருந்துக் கடையில் வேலை. அக்கா வீட்டில் மூன்று பேர். அவர், லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர், கணவரின் அப்பா. ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஹாரன் என்று பெயர் வைத்தது டிப்போக்காரர்களா, எங்கள் தெருக்காரர்களா என்று தெரியாது. மூன்றாவது மாடியில் அவர் இருமினால் என் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்குக் கேட்கும்.

வேலை நாள் முழுக்க இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். ஓய்வு பெற்ற கையோடு தனக்கென்று வாங்கிக்கொண்ட ஒரே பொருள் ஏசி. தன் அறையில் அதை மாட்டி, கதவைச் சாத்தி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "இப்பத்தான்டா மனுஷனா இருக்கேன்" என்று மகனிடம் சொன்னாராம். மேல்தளத்துச் சூடு நேராக இறங்கும் அந்த வீட்டில், வேறு எந்த அறையிலும் ஏசி கிடையாது.

கிளட்சை மிதித்து மிதித்து அவருடைய முட்டிகள் இரண்டும் போய்விட்டிருந்தன. இடது முட்டி ரொம்ப மோசம். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார்கள், காது கொடுக்கவில்லை. பச்சை மூடி போட்ட மூட்டுவலித் தைலம்தான் அவருக்கு வைத்தியம். காலையிலும் மாலையிலும் வழிய வழியத் தேய்ப்பார். மாதம் பிறந்தால் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கி என் கடைக்கு வருவார். அவர் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும்.

சட்டைக் கம்பெனியை ஒருநாள் மூடிவிட்டார்கள். காரணம் எல்லாம் பெரிய இடத்து விஷயம். காலையில் போனவர்கள் வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்த அக்காவுக்குக் கண் சும்மா இருக்கவில்லை. காய் நறுக்கினது ஒரே அளவில் இல்லை, திரைச்சீலை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, மாமனார் சட்டையில் மேல் பொத்தான் ஆடுகிறது என்று நாள் முழுக்கக் குறை கண்டுகொண்டிருந்தார். "கம்பெனி மூடினதுலேர்ந்து எனக்குத்தான்யா ரிஜெக்‌ஷன் அதிகம்" என்று ஹாரன் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார்.

இப்படி இருக்கும்போது கேக் சாமான் விற்கும் கடை ஒன்றில் சாக்லேட் செய்யச் சொல்லித் தருகிறார்கள் என்று யாரோ கூப்பிட, துணைக்குத்தான் போனார். திரும்பி வரும்போது கையில் அச்சுத் தட்டும், ஒரு பெரிய கட்டி சாக்லேட்டும் இருந்தன. கட்டியைச் சீவி, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கி, பதமாக ஆறவிட்டு, அச்சில் ஊற்றி, குமிழி போகத் தட்டி, உறையவிட வேண்டும். கேட்க எளிது. பளபளப்பு வருவதுதான் பாடு. சூடு கொஞ்சம் தப்பினாலும் மங்கிப்போகும். அக்காவுக்கு இது புதிய வேலையாகவே தெரியவில்லை. ஓரம் உடைந்ததா, குமிழி விழுந்ததா, முந்திரி வெளியே எட்டிப் பார்க்கிறதா? தேறாதது இடப்பக்கம். இடப்பக்கத்துச் சாக்லேட் எல்லாம் கிண்ணத்தில் போட்டுக் கீழே எனக்கு வரும். அந்த வருடம் நான் இரண்டு பெல்ட் ஓட்டை தாண்டினேன்.

கட்டடத்தில் வாங்கினார்கள், பக்கத்துத் தெருவில் வாங்கினார்கள். பிறகு ஆஸ்பத்திரி எதிரே பூங்கொத்துக் கடை வைத்திருக்கும் பெண் ஒருத்தி கேட்டு அனுப்பினாள். பூவோடு ஒரு சின்ன டப்பா சாக்லேட்டும் சேர்த்துக் கொடுத்தால் நன்றாகப் போகும் என்று அவளுக்கு ஒரு யோசனை. வாரா வாரம் வேண்டும் என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

வாரா வாரம் என்றால் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும். செய்து வைத்ததைக் கெடாமல் காப்பாற்ற வேண்டும். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஃப்ரிட்ஜில் வைத்தார். வெளியே எடுத்ததும் ஒவ்வொரு துண்டும் வியர்த்தது. துடைத்தால் பளபளப்புப் போய்ச் சொரசொரவென்று சர்க்கரை படிந்து நின்றது. வாயில் போட்டால் முதலில் சாக்லேட், முடிவில் வெங்காயம். சரி, ஃப்ரிட்ஜ் வேண்டாமென்று சமையலறை அலமாரியில் வைத்தார். பகலில் இளகி, ராத்திரியில் இறுகி, நாலு நாளில் மேலெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது.

பூக்கடைக்காரி போன் போட்டாள். "அக்கா, உங்க சாக்லேட்ல பூஞ்சை பிடிச்சிருக்குன்னு ஒருத்தர் டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டுப் போறாரு."

"பூஞ்சை இல்லம்மா அது. சூட்டுல உள்ள இருக்கற கொழுப்பு மேல வந்துடுது. சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது."

"அதை நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிட்டிருக்க முடியுமாக்கா? பார்க்க அசிங்கமா இருக்கே."

பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்ற ஒரு சொல் போதும் அக்காவுக்கு. சட்டையாக இருந்தால் அவரே அதை இடப்பக்கம் தள்ளியிருப்பார்.

கணவரிடம் சொல்லி, சுவரில் மாட்டுகிற வெப்பமானி ஒன்றை வாங்கி வரச் சொன்னார். அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் அலைந்தார். கட்டிலுக்கு அடியில் வைத்தார். பீரோவுக்குள் வைத்தார். தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் வைத்தார். "குளியலறையில வைக்கலாமா?" என்று கணவர் கேட்டார். "ஈரம் ஆகாது" என்று பதில் வந்தது. சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது, வாசனையும் ஆகாது. "இது என்ன சாக்லேட்டா, மகாராணியா?" என்று அவர் சலித்துக்கொண்டார். இரண்டு நாள் அலைந்த பிறகு, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே கதவைப் பார்த்தார்கள். சாத்தியிருந்த ஹாரனின் அறைக் கதவு.

"நீங்க கேளுங்க" என்றார் அக்கா.

"நான் கேட்டா உதை விழும். நீயே கேளு. உன்மேல கொஞ்சம் மரியாதை வெச்சிருக்காரு."

அது உண்மை. மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையே அத்தனை வருடமாக இருந்தது மரியாதைதான். "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா மாமா?", "வைம்மா." "மாத்திரை போட்டீங்களா மாமா?", "ஆச்சும்மா." அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. சண்டை வந்ததில்லை, சிரித்துப் பேசியதும் இல்லை.

அக்கா வாசலில் நின்றபடியே கேட்டார். "மாமா, உங்க ரூம்ல ஒரு மூலையில என் சாக்லேட் டப்பாவை வெச்சுக்கலாமா?"

"என் ரூம் என்ன குடோனா?" என்று உள்ளேயிருந்து முழக்கம் வந்தது. இது எனக்குக் கீழே கேட்டது.

அக்கா திரும்பி நடந்தார். சமையலறை வாசலை அடைவதற்குள் மறுபடியும் குரல். "எந்த மூலை?"

பீரோவுக்குப் பக்கத்து மூலை என்று முடிவாயிற்று. சுவரோடு ஒரு இரும்பு அலமாரி போட்டார்கள். அக்கா அதைக் கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே வெள்ளைத் தாள் விரித்தார். சாக்லேட்டை வரிசை வரிசையாக, நடுவில் மெழுகுத் தாள் போட்டு, பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கினார். வெளிச்சம் படாமல் திரை தைத்துப் போட்டார். ஏசியை ஒரே அளவில் நிறுத்தி, யாரும் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

ஹாரனுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு வாயில் வைக்கக் கூடாது. "அப்பாவை நம்பி அத்தனை சாக்லேட்டையும் உள்ள வெச்சிருக்கியே" என்று கணவர் சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. அவருக்கு அது டியூட்டி ஆகிவிட்டது. காலையில் எழுந்ததும் வெப்பமானியைப் பார்த்து, "பதினெட்டு!" என்று ஹாலுக்குக் கேட்கும்படி அறிவிப்பார். யாராவது கதவைத் திறந்து வைத்தால், "கதவு! கதவு!" என்று கட்டடமே அதிரும். கரண்ட் போனால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அலமாரிமேல் தன் போர்வையைப் போர்த்திவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருப்பார். டிப்போவில் கூட வேலை பார்த்த பழைய நண்பர்கள் பூங்காவுக்குக் கூப்பிட்டால், "வர முடியாதுப்பா, லோடு நிக்குது" என்பார்.

சாக்லேட் பளபளவென்று போயிற்று. பூக்கடைக்காரி டப்பாவை இரண்டு மடங்காக்கினாள். பிறகு ஒரு கல்யாணத்துக்கு, வருகிறவர்கள் எல்லோருக்கும் கொடுக்க என்று பெரிய ஆர்டர் ஒன்றைப் பிடித்துத் தந்தாள். அக்கா ராப்பகலாக உழைத்தார். அலமாரி நிரம்பி, ஹாரனின் கட்டிலுக்கு அடியிலும் டப்பா போயிற்று. டப்பாக்கள் போதாமல், மூடி சரியாக உட்காராத பழைய டப்பாக்களையும் எடுத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு மறுநாள் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு துண்டு சாக்லேட். முகம் சரியில்லை.

"வாயைத் திறங்க சார்."

திறந்தேன். மென்றேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். நாள் முழுக்க மருந்துக் கடை அலமாரிக்கு முன்னால் நிற்கிறவன், எனக்குத் தெரியாதா?

"எப்படி இருக்கு, சொல்லுங்க."

"பச்சை மூடி" என்றேன்.

அக்கா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்களுக்குத் தெரியவே இல்ல சார். நான் தின்னு பார்த்தேன், அவரு தின்னு பார்த்தாரு. நல்லாத்தான் இருக்குன்னோம். அந்த வாசனையிலயே இருந்து எங்க மூக்கே மரத்துப்போச்சு போல." கல்யாண வீட்டில் ஒருவர் விடாமல் கேட்டிருக்கிறார்கள், சாக்லேட்டில் என்ன மருந்து கலந்திருக்கிறது என்று. மாப்பிள்ளையின் தம்பி, முட்டி வலிக்கிறவர்கள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிண்டல் செய்தானாம். பூக்கடைக்காரிக்குத் தலை குனிவு. கொஞ்ச நாள் போகட்டும் அக்கா, நானே சொல்லி அனுப்புகிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று சாப்பிடும்போது கணவர்தான் வாயை விட்டார். "எல்லாம் உங்க தைலத்தால வந்தது அப்பா. அவ எத்தனை நாள் தூங்காம செஞ்சா தெரியுமா?"

ஹாரன் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"தைலம் ஒண்ணும் பண்ணல மாமா. டப்பா மூடி சரியில்ல. நான்தான் பார்க்காம விட்டுட்டேன்" என்றார் அக்கா. கணவரைப் பார்த்த பார்வையில் அவர் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

அக்கா ரப்பர் வளையம் வைத்த, அழுத்தி மூடுகிற டப்பாக்களாகப் பார்த்து வாங்கினார். ஒவ்வொரு துண்டையும் தாளில் சுற்றினார். புதிதாகச் செய்ததில் ஒன்றை நேரே என்னிடம் கொண்டு வந்தார். சுத்தமாக இருந்தது. அதிலேயே நாலு டப்பா எடுத்துக்கொண்டு பூக்கடைக்குப் போய், அவள் எதிரிலேயே திறந்து காட்டினார். அவள் மோந்து பார்த்தாள், தின்று பார்த்தாள், சிரித்தாள். ஆர்டர் திரும்ப வந்தது. டப்பா மாற்றியதில் சங்கதி சரியாகிவிட்டது என்று அக்கா நம்பினார். நானும் நம்பினேன்.

சில வாரம் போயிருக்கும். ஹாரனின் போக்கு மாறியது. ஹாலுக்கு வந்து டிவி பார்ப்பது நின்றது. சாப்பாட்டை அறைக்கே கொண்டுவரச் சொன்னார். "பதினெட்டு" என்கிற காலை அறிவிப்பு மட்டும் இருந்தது. அதிலும் பழைய சுருதி இல்லை. மகன் பேசினதை மனதில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருக்கிறார் என்று வீட்டில் நினைத்தார்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் மதியம் அக்கா கடைக்கு மாமனாரின் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். முன்பெல்லாம் ஹாரனே வருவார். எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "ஐயாவுக்கு முட்டி பரவாயில்லையா? தைலம் வாங்கி ரொம்ப நாளாச்சே" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"நீங்கதானே மாசாமாசம் குடுக்கறீங்க?"

"கல்யாண ஆர்டருக்கு முன்னாடி வாங்கினதுதாங்க."

அக்கா மாத்திரையை வாங்காமலே நடந்தார். பிறகு அவரே திரும்பி வந்து வாங்கிக்கொண்டு, வேகமாகப் போனார்.

மேலே போய்ப் பார்த்தபோது ஹாரன் கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாராம். ஒரு கை ஜன்னல் கம்பியில், ஒரு கை நாற்காலி முதுகில். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறார் என்று அவரே சொல்லவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, அந்தக் குளிர் அறையில். அக்கா தோள் கொடுத்துக் கட்டிலில் உட்காரவைத்தார். முட்டியைப் பார்த்தார். இடது முட்டி பந்து மாதிரி இருந்தது. ஜன்னல் திட்டில் தைல பாட்டில் இருந்தது. மூடியைத் திருகினால் வரவில்லை. ஓரமெல்லாம் காய்ந்து இறுகிப்போயிருந்தது.

"எத்தனை நாளா தேய்க்கல மாமா?"

"வலி இல்லம்மா. அதான்."

"வலி இல்லையா? அப்புறம் ஏன் நடுவழியில நிக்கறீங்க, வண்டி பிரேக் டவுனா?"

ஹாரன் முட்டியைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னார். அவர் மெல்லப் பேசி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை. "டப்பாவை எத்தனை இறுக்கி மூடினாலும், நீ இங்கதானே திறந்து திறந்து அடுக்கற? அப்ப புடிச்சுக்கும்மா வாசனை. எனக்குத் தெரியாதா? என் முட்டிக்காக உன் பொழைப்பு நாறணுமா?"

அதற்குப் பிறகு வந்த சத்தம், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்த எனக்குக் கீழே கேட்டது. முதலில் ஹாரன் என்றுதான் நினைத்தேன். கவனித்துக் கேட்டால் அக்கா.

"யாரு கேட்டா உங்களை? நான் கேட்டேனா? முட்டியை வீங்க விட்டு எனக்குச் சாக்லேட் செஞ்சு குடுங்கன்னு சொன்னேனா? வாய் இல்லையா உங்களுக்கு? ஊரையே கூப்பிடற குரல் இருக்கு, ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? விழுந்து இடுப்பு உடைஞ்சிருந்தா நான் யாருக்கு என்ன பதில் சொல்லுவேன்? மனுஷன் நடக்க முடியாம கெடக்கறாரு, நான் பாட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்து தாள் சுத்திக்கிட்டு இருந்திருக்கேன். நான் எல்லாம் ஒரு செக்கிங்கு!"

கடைசியில் அழுதாராம். ஹாரன் பயந்துபோனார். இருபத்தைந்து வருடத்தில் மருமகள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே தானே பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கப் பார்த்தார். "பல்லும் போகட்டும், அது ஒண்ணுதான் பாக்கி" என்று அக்கா அதைப் பிடுங்கி வெந்நீரில் போட்டுத் திறந்தார்.

அன்று மாலைக்குள் அலமாரி காலி. டப்பாக்கள் எல்லாம் தற்காலிகமாக என் வீட்டு உள்ளறைக்கு வந்தன. கீழ்த்தளம் கொஞ்சம் குளிர்ச்சி, ஆனால் போதாது. அடுத்த வெயிலுக்குத் தாங்காது என்று அக்கா வெப்பமானியைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். பூக்கடைக்காரிக்குப் போன் செய்து, இனிமேல் முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது, கேட்ட அன்றைக்குச் செய்து அன்றைக்கே தருகிறேன், முடிந்த அளவுதான் என்று சொன்னார். ஆர்டர் பாதியாகக் குறைந்தது. அக்கா அதைப் பற்றி யாரிடமும் புலம்பவில்லை.

வாசனை இல்லாத களிம்பு ஒன்று இருக்கிறது, டாக்டரைக் கேட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னேன். டாக்டரும் எழுதிக் கொடுத்தார். ஹாரன் இரண்டு நாள் தடவிவிட்டுக் குழாயை என் கடை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். "எரியவே இல்லையே தம்பி. எரியாத மருந்து என்ன மருந்து? என் பச்சை மூடியைக் குடு." கொடுத்தேன்.

அலமாரி போனதில் வலியைவிட அவருக்கு அதிகக் கஷ்டம். காலையில் வெப்பமானியைப் பார்ப்பார். யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "சஸ்பெண்ட் பண்ணிட்டாங்கப்பா" என்று பூங்காவில் நண்பர்களிடம் சொன்னாராம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தவர் அக்காவின் கணவரான லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேசையில் வாயை விட்டதிலிருந்து அவருக்கு வீட்டில் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. அவர் வேலைக்குப் போகும் ஹோட்டல் ஒன்றில், குளிர்பானம் வைக்கிற கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்று பழுதாகி லிஃப்ட் அறைக்கு அருகே கிடந்தது. மேலாளரிடம் கேட்டு, சரக்கு லிஃப்டில் இறக்கி, ஆட்டோவில் ஏற்றி, எங்கள் மாடிப்படி வழியாக ஏற்றினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பதை அன்றைக்கு முழுதாக உணர்ந்தேன். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் வீட்டுல படியேற வேண்டியிருக்கு பாருங்க" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

ஒரு வாரம் ஹால் தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போட்டார். அந்தப் பெட்டி எல்லாவற்றையும் ஜில்லென்று ஆக்கத்தான் தெரிந்தது. அதன் உள்ளே இருந்த வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்துவிட்டு வேறு ஒன்று போட்டு, பதினெட்டில் நிற்கும்படி செய்தார். கண்ணாடிக் கதவுக்கு உட்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டினார். ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்களை வாங்கி மூலைகளில் வைத்தார். கதவின் ரப்பர் சரியாக ஒட்டுகிறதா என்று அக்கா ஒரு தாளைச் சொருகி, மூடி, இழுத்துப் பார்த்தார். ஒரு இடத்தில் தாள் லேசாக வந்தது.

"தேறல" என்றார்.

மெக்கானிக் அந்த ரப்பரை மாற்றினார். மறுபடியும் தாள். இம்முறை கிழிந்ததே தவிர வரவில்லை. அக்கா போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் புரிந்துகொண்டேன்.

முதல் ஒரு வாரத்துக்கு, பூக்கடைக்காரிக்கு ஒரு துண்டு, எனக்கு ஒரு துண்டு என்று வெளி மூக்குகளுக்குச் சோதனை நடந்தது. இரண்டு மூக்கும் தேறின. மெல்ல மெல்ல டப்பா பழைய அளவுக்கு ஏறியது. அடுக்கும் வேலையை அக்கா இப்போது சமையலறையில் அடுப்பு அணைத்த பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார். மூடிய டப்பாதான் ஹாலுக்கு வரும். சாக்லேட் வாங்க வருகிறவர்கள் வீட்டில் எப்படி வைப்பது என்று கேட்டால், "காத்து போகாத டப்பாவுல, இருட்டா சில்லுன்னு இருக்கற இடத்துல வைங்க. வேற வழியே இல்லன்னாதான் ஃப்ரிட்ஜ். எடுத்தா உடனே திறக்காதீங்க, டப்பாவோட வெளிய வெச்சு ஆறவிட்டுத் திறங்க, வேர்க்காது" என்று சொல்லிவிட்டு, வாங்குகிறவர் சட்டையிலிருந்து ஒரு நூலையும் எடுத்துவிடுவார்.

ஹாரன் தன் அறையில் வழிய வழியத் தைலம் தேய்க்கிறார். தேய்த்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்கு நடந்து வருகிறார். பெட்டியின் முகப்பில் ஒளிரும் வெப்ப அளவைப் பார்க்க அங்கே வந்துதான் ஆக வேண்டும். அப்படி நடப்பதால் முட்டிக்கு நல்லது என்று டாக்டர் சொன்னார். முட்டி குணமாகிவிடவில்லை. ஆபரேஷனுக்கு இன்னும் ஒப்புக்கொள்ளவும் இல்லை.

மாறியது வேறு ஒன்று. அந்த மரியாதை போய்விட்டது. காலையில் எழுந்தால் மாமனாருக்கும் மருமகளுக்கும் ஏதாவது ஒரு சண்டை. அவர் டிவி சத்தத்தை ஏற்றினால் இவர் குறைக்கிறார். இவர் சர்க்கரை போடாத காப்பி கொடுத்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆபரேஷன் பேச்சை எடுத்தால் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. புதிதாகக் குடிவந்த இரண்டாம் மாடிக்காரர் ஒருநாள் என்னிடம் வந்து, "மேல்வீட்டுல மாமனாரும் மருமகளும் ரொம்ப ஆகாதவங்களா?" என்று கவலையாக விசாரித்தார்.

மேலே அப்போதும் நடந்துகொண்டிருந்தது.

"நான் சொன்னா சொன்னதுதான். நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போறோம்."

"போக மாட்டேன். நீ வேணா போய் உன் முட்டியைக் காட்டிட்டு வா."

"வண்டி சொல்லியாச்சு. சட்டை எடுத்து வெச்சிருக்கேன்."

"எந்தச் சட்டை?"

"நீலம்."

"அதுல கை பொத்தான் ஒண்ணு ஆடுதும்மா."

"நேத்தே தைச்சாச்சு" என்றார் அக்கா.